மனம் ஏன் குளிர்கிறது, வயிறு ஏன் எரிகிறது?

ஆங்கிலத்தில் அன்பான ஆளை ‘வார்ம்’ என்கிறார்கள், ஒட்டாத ஆளை ‘கோல்ட்’ என்கிறார்கள். தமிழில் அன்பைக் கண்டால் மனம் குளிர்கிறது, கோபம் வந்தால் ஆள் சூடாகிறார். எல்லாருக்கும் ஒரே மாதிரி உடம்பு, ஒரே மாதிரி தோல், அப்புறம் ஏன் இந்தத் தலைகீழ், நம்முடைய வெயில்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க ஒரு கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. ஆங்கிலம் உண்மையிலேயே எதிர்த்திசையில் போகிறதா? தமிழில் சூடு என்றாலே கெட்டதுதானா? இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் இருக்கிறதென்றால் அதற்குத் தட்பவெப்பம் காரணமா? ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதும், பிறர் பெயர்த்ததைச் செப்பனிடுவதும் என் பிழைப்பு. இந்தச் சொற்களோடு மல்லுக்கட்டித்தான் காலம் போகிறது. மொழியியல் ஆராய்ச்சி செய்தவன் இல்லை. அந்தத் துறைக்காரர்கள் எழுதியதைத் தொழிலுக்காகப் படித்தவன். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆங்கிலத்திலும் கோபம் சூடுதான். அங்கேயும் இரத்தம் கொதிக்கிறது, வாக்குவாதம் சூடேறுகிறது, முன்கோபியின் தலை ‘ஹாட்’, நிதானமானவர் தலை ‘கூல்’. அன்புக்கு அங்கே கிடைத்திருப்பது வெப்பம் முழுவதும் இல்லை, நடுவில் ஒரு குறுகிய பட்டை மட்டும். அதற்கு மேலே ஏறினால் கோபமும் காமமும். கீழே இறங்கினால் நிதானம், இன்னும் இறங்கினால் அலட்சியம், இரக்கமின்மை. அந்த நடுப்பட்டைக்குத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. கதகதப்பு இருக்கிறது, வெதுவெதுப்பு இருக்கிறது, இளஞ்சூடு இருக்கிறது. ஆனால் கதகதப்பு போர்வைக்கும் மடிக்கும் குஞ்சை மூடிய இறக்கைக்கும் உரியது. வெதுவெதுப்பு தண்ணீருக்கு உரியது. தோலில் படுவதைச் சொல்வதோடு அவை நின்றுவிட்டன, ஆளின் குணத்தைச் சொல்லும் இடத்துக்கு ஏறவே இல்லை. ‘அவர் ரொம்பக் கதகதப்பானவர்’ என்று சொல்லிப் பாருங்கள், காய்ச்சலா என்று கேட்பார்கள்.

தமிழ் கெட்டிக்காரத்தனம் காட்டியிருப்பது வேறு இடத்தில். பொதுவாகச் சூடு என்று சொல்லி விட்டுவிடாமல், வெப்பம் ஒரு பொருளை என்ன செய்கிறதோ அதை வைத்து உணர்ச்சிகளைப் பிரித்திருக்கிறது. கோபம் கொதிக்கும், பொங்கும், வெளியே வழியும். பொறாமை கொதிக்காது, எரியும், அதுவும் வயிற்றில் எரியும். அநியாயமாக எதையோ இழந்தவரின் ஆற்றாமையும் அதே வயிற்றில்தான் எரிகிறது, அதனால்தான் வயிறெரிந்து சபிக்கிறார்கள். வெளியே சொல்ல முடியாத மனக்குறை புழுங்கும். காற்று அசையாமல், வியர்வை உலராமல், சூடு உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும் நிலைக்குத்தான் புழுக்கம் என்று பேர். மனப்புழுக்கம் என்றால் அந்த அடைப்பும் சேர்ந்தே வந்துவிடுகிறது. நீண்ட நாள் துயரத்தில் மனம் வெந்துபோகும், நொந்து நூலாகும். ‘கொதிக்கிறேன்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘புழுங்குகிறேன்’ என்று போட்டால், சண்டைக்கு நிற்கிற ஆள் மூலையில் உட்கார்ந்து குமைகிற ஆளாகிவிடுவார். மொழிபெயர்ப்பில் இந்த ஒரு வினையைத் தப்பாகத் தேர்ந்தெடுத்து ஒரு பாத்திரத்தையே மாற்றிவிட்ட கதைகள் உண்டு.

இந்த வரிசையில் என்னை அதிகம் கவர்ந்தது ‘காய்’ என்ற வினை. வெயில் காய்கிறது, துணி காய்கிறது, உடம்பு காய்ந்தால் காய்ச்சல், பசியில் வயிறு காய்கிறது. ‘காய்தல் உவத்தல் இன்றி’ என்னும் தொடரில் அதுவே வெறுப்பு. ஆனால் அதே வினையை எடுத்துக் குளிரோடு சேர்த்தால் ‘குளிர் காய்தல்’ ஆகிவிடுகிறது. நெருப்புக்குப் பக்கத்தில் சுகமாக உட்கார்ந்திருப்பது. அந்தச் சுகமும் பேச்சு வழக்கில் பழிக்குத் தப்பவில்லை. அடுத்தவர் வீடு எரியும்போது அதில் குளிர் காய்கிறவன் என்றால் சந்தர்ப்பவாதி. குறளில் இது வேறொரு எச்சரிக்கையாக வருகிறது: ‘அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க’ என்று அரசனிடம் பழகும் முறை சொல்லப்படுகிறது. விலகினால் குளிரும், நெருங்கினால் சுடும். ஆங்கிலத்தில் வெப்பம் மனிதர்களுக்கிடையே நெருக்கத்தைக் குறிக்கிறதென்றால், இங்கே எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதைக் குறிக்கிறது.

இதற்கு மறுபக்கத்தில் இருப்பது ‘ஆறு’. கொதித்த தண்ணீர் ஆறுகிறது, புண் ஆறுகிறது, கோபம் ஆறுகிறது, துக்கம் ஆறுகிறது. துக்க வீட்டில் நாம் சொல்வது ஆறுதல். தினமும் புழங்கிப் பழகிவிட்டதால் அதற்குள் ஒரு வெப்பமானி இருப்பதையே கவனிப்பதில்லை. ‘ஆறுவது சினம்’ என்று ஆத்திசூடி சொல்லும்போது கோபத்தை அணைக்கவோ அடக்கவோ சொல்லவில்லை, தானாகச் சூடு இறங்க விடச் சொல்கிறது. ‘ஆறப்போடு’ என்கிற பேச்சு வழக்கிலும் அதே பொறுமைதான். ‘தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு’ என்ற குறள் இந்த ஒரு வினையின் இரண்டு பொருளையும் ஒருசேரப் பிடித்து நிறுத்துகிறது. செய்தியும் ஆறிப்போகும் என்பது பிற்காலச் சேர்க்கை. தேர்தல் களம் சூடு பிடிப்பதும், பரபரப்பு அடங்கியதும் விஷயம் ஆறிப்போவதும் பத்திரிகைத் தமிழில் நன்றாகவே வேரூன்றிவிட்டன.

சரி, அப்படியானால் தமிழில் சூடு எப்போதுமே கெட்டதா? இல்லை. தொல்காப்பியத்தின் உரியியலில் ‘வெம்மை வேண்டல்’ என்று ஒரு நூற்பா உண்டு. வெம்மை என்ற சொல்லுக்கு விருப்பம் என்றும் பொருள் என்கிறது. உரைகாரர்கள் ‘வெங்காமம்’ என்பதை எடுத்துக்காட்டாகத் தருகிறார்கள். வடமொழியிலிருந்து வந்த தாபமும் அப்படித்தான்: வெப்பமும் அது, ஏக்கமும் அது. ‘சூடு சொரணை இல்லாதவன்’ என்று திட்டும்போது சூடு இருப்பது நல்லது, இல்லாததுதான் குறை. உடம்பில் சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது. சில்லிட்டுப் போவதும் விறைத்துப் போவதும் மரணம். குளிர்வது நல்லது, சில்லிடுவது கெட்டது. ஆங்கிலம் வெப்பத்தின் பக்கம் ‘வார்ம்’ என்றும் ‘ஹாட்’ என்றும் கோடு போட்டதைத் தமிழ் குளிரின் பக்கம் போட்டிருக்கிறது.

அன்புக்கே வந்தால் தமிழுக்குப் பிடித்த வினை உருகுதல். இளகுதல், நெகிழ்தல், கனிதல், கரைதல் எல்லாம் அதன் உறவுக்காரர்கள். திருவாசகம் ‘தழலது கண்ட மெழுகு’ என்று சொல்லும் இடத்தில் உருகும் உள்ளத்துக்கு எதிரே தழல் வெளிப்படையாகவே நிற்கிறது. ஆக, அன்பில் வெப்பம் இருக்கிறது. ஆனால் அது எவ்வளவு சூடு என்பதில் மொழிக்கு அக்கறை இல்லை. எதிரே இருந்த கெட்டியான பொருள் என்ன ஆனது என்பதைத்தான் பார்க்கிறது. கல்நெஞ்சம் கரைந்தது என்கிறோம். எந்தச் சூட்டில் என்று கேட்பதில்லை.

இங்கே என் கருத்து ஒன்றைச் சொல்கிறேன். கருத்துதான், நிறுவப்பட்ட உண்மை இல்லை. ஆங்கிலம் ‘வார்ம்’ என்று சொல்வது பெரும்பாலும் கொடுக்கிறவரை: அவர் அப்படிப்பட்ட ஆள், அவர் புன்னகை அப்படிப்பட்டது. தமிழ் ‘குளிர்ந்தது’ என்று சொல்வது பெரும்பாலும் பெறுகிறவரை: கண் குளிரப் பார்த்தேன், காது குளிரக் கேட்டேன், மனம் குளிர்ந்தது, வயிறு குளிர வாழ்த்தினாள். ஒன்று அடுப்பைப் பற்றிப் பேசுகிறது, மற்றது எதிரே இருப்பவரின் தாகத்தைப் பற்றிப் பேசுகிறது. இரண்டும் வேறு வேறு இடத்தில் நின்று பேசுவதால் அவற்றை எதிரெதிர் என்று வைக்கவே வேண்டியதில்லை. இதற்கு விதிவிலக்கு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்: குளிர்ந்த முகம், தண்ணளி, நெஞ்சில் ஈரம் ஆகியவை கொடுப்பவரைச் சேர்ந்தவை. முகஸ்துதி செய்கிறவர் ‘ஐஸ் வைக்கிறார்’ என்பதும் அந்தக் கணக்கில்தான் வரும். குளிர்ச்சி இனியது என்பது அவ்வளவு பழகிப்போனதால்தான் அதைப் போலியாகவும் தர முடிகிறது. குறள் இன்னொரு படி மேலே போய், ‘நீங்கின் தெறூஉம் குறுகுங்கால் தண்ணென்னும்’ என்று காதலியிடம் இருக்கும் விசித்திரமான தீயைச் சொல்கிறது. விலகினால் சுடுகிற, நெருங்கினால் குளிர்கிற தீ. சூடும் குளிரும் இரண்டுமே அன்புதான் என்று ஒரே மூச்சில் சொன்ன பிறகு, தமிழில் எது எதற்கு என்று கறாராகக் கோடு கிழிக்க எனக்குத் துணிவில்லை.

உடம்பு இதைப் பற்றி என்ன சொல்கிறது என்றும் பார்க்கலாம், ஏனென்றால் இங்கே சில விஷயங்கள் உறுதியாகத் தெரியும். தோல் வெப்பமானி மாதிரி வேலை செய்வதில்லை. ஒரு கையைச் சூடான தண்ணீரிலும் மறு கையைக் குளிர்ந்த தண்ணீரிலும் சற்று நேரம் வைத்திருந்து, பிறகு இரண்டையும் ஒரே நடுத்தரத் தண்ணீரில் விட்டால், அதே தண்ணீர் ஒரு கைக்குக் குளிரும், மறு கைக்குச் சுடும். அறையில் ஒரே வெப்பநிலையில் கிடக்கும் இரும்பு மரத்தைவிடச் சில்லென்று இருப்பது, அது கையின் வெப்பத்தை வேகமாக இழுத்துக்கொள்வதால். சூடும் குளிரும் இரண்டும் இல்லாத நிலை என்று நமக்குப் படுவது, தோலின் வெப்பநிலை ஏறக்குறைய 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது. அதிலிருந்து எந்தப் பக்கம் நகர்கிறோம், நகரும்போது நமக்கு எது பற்றாக்குறையாக இருந்தது என்பதைப் பொறுத்துத்தான் இதமும் தொந்தரவும். வியர்த்து வந்தவருக்குக் குளிர்ச்சி இதம், நடுங்கி வந்தவருக்குச் சூடு இதம். மொழி எதை எடுத்து அன்புக்குப் பெயராக வைத்தாலும் உடம்பு மறுப்பு சொல்லாது.

தோலில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. மெதுவாக வருடும்போது மட்டும் நன்றாக வேலை செய்யும் ஒருவகை நரம்பிழைகள் முடியுள்ள தோலில் இருக்கின்றன. வருடும் வேகம் நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரை இருந்தால் அவை அதிகம் தூண்டப்படுகின்றன. வருடும் பொருளின் வெப்பநிலையும் தோலின் வெப்பநிலையை ஒட்டி இருக்க வேண்டும், அதைவிடக் குளிர்ந்தாலும் சூடானாலும் தூண்டல் குறைகிறது. அதாவது இன்னொரு மனிதரின் கை. கதகதப்பு என்ற சொல் மடியையும் அணைப்பையும் விட்டு நகராமல் இருப்பதைப் பார்க்கும்போது, அந்தச் சொல்லை உருவாக்கியவர்கள் தோலை நன்றாகக் கேட்டிருக்கிறார்கள் என்று தோன்றும்.

போகிற போக்கில் இரண்டு விஷயம். மிளகாய் ஆங்கிலத்தில் ‘ஹாட்’, தமிழில் காரம். ஆனால் நாமும் நாக்கு எரிகிறது என்றுதான் சொல்கிறோம், அது வெறும் உவமை இல்லை. மிளகாயில் உள்ள கேப்சைசின், சுமார் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணரும் அதே வாயிலைத்தான் நரம்பில் திறக்கிறது. டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் 1997-இல் இந்த வாயிலை அடையாளம் கண்டது. 2021-இல் அவருக்கும் ஆர்டெம் படபூட்டியனுக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மாறாக, நிறங்களுக்குச் சூடு குளிர் சொல்வது முழுக்க முழுக்கப் பழக்கம். மஞ்சள் கலந்த ‘வார்ம்’ விளக்கின் பெட்டியில் 2700 கெல்வின் (வெப்பநிலையை அளக்கும் ஓர் அலகு) என்றும், நீலம் கலந்த ‘கூல்’ விளக்கின் பெட்டியில் 6500 கெல்வின் என்றும் போட்டிருக்கும். இயற்பியல்படி நீல ஒளிதான் அதிகச் சூட்டுக்கு உரியது. நம் கண்ணுக்கு நெருப்பு மஞ்சள், நீர் நீலம். விஷயம் அத்தோடு முடிந்தது.

இப்போது தட்பவெப்பம். வெயில் நாட்டில் குளிர்ச்சி இனிக்கும், பனி நாட்டில் சூடு இனிக்கும் என்ற விளக்கம் கேட்க நன்றாக இருக்கிறது, அதில் உண்மையும் கொஞ்சம் இருக்கலாம். நிழல், நீர், தென்றல், நிலவு என்று தமிழ் இலக்கியம் இனிமைக்கு எடுத்துக்கொண்ட பொருட்களைப் பார்த்தால் அப்படித்தான் படும். ஆனால் இந்த விளக்கம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. கோபம் சூடு என்பது வெயில் நாட்டிலும் இருக்கிறது, பனி நாட்டிலும் இருக்கிறது. அதற்குக் காரணம் வானிலையில் இல்லை, உடம்பில். கோபத்தில் முகம் சிவக்கிறது. 1983-இல் உளவியலாளர் பால் எக்மன் குழுவினர் செய்த சோதனையில், கோபத்தின்போது விரலின் வெப்பநிலை பயத்தின்போது இருந்ததைவிட அதிகமாக ஏறியது. அன்புக்கு அப்படி ஓர் அழுத்தமான உடல் அடையாளம் இல்லாததால் அங்கே மொழிகளுக்குச் சுதந்திரம் அதிகம் என்பது என் ஊகம். அன்பை வெப்பமாக நினைப்பது குழந்தைப் பருவத்து அணைப்பிலிருந்து வருகிறது, ஆகவே எல்லா மனிதருக்கும் பொது என்று ஜார்ஜ் லேகாஃப் போன்ற மொழியியலாளர்கள் வாதிடுகிறார்கள். அணைத்து வளர்க்கப்பட்ட தமிழ்க் குழந்தையும் பெரியவளானதும் ‘மனம் குளிர்ந்தது’ என்றுதான் சொல்கிறாள். அணைப்பு எல்லாருக்கும் பொதுதான். அதிலிருந்து எந்தச் சொல்லை எடுப்பது என்பது பொது இல்லை.

உளவியலில் இந்தச் சொல்லைச் சுற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. சாலமன் ஆஷ் 1946-இல் செய்த சோதனை இன்றும் பேசப்படுகிறது. ஒரே குணப்பட்டியலை இரண்டு குழுவுக்குக் கொடுத்தார். அறிவுள்ளவர், திறமையானவர், உழைப்பாளி என்று போகும் பட்டியலில் ஒரு குழுவுக்கு ‘வார்ம்’ என்றும் மறு குழுவுக்கு ‘கோல்ட்’ என்றும் ஒரு சொல்லை மட்டும் மாற்றினார். அந்த ஆளைப் பற்றிய மொத்த எண்ணமே மாறியது. இது பலமான முடிவு. இன்னொரு சோதனை 2008-இல் வந்தது, சூடான காபிக் கோப்பையைக் கையில் பிடித்தவர்கள் பிறரை அன்பானவர்களாக மதிப்பிடுகிறார்கள் என்று. பத்திரிகைகளில் நீங்கள் படித்திருக்கக்கூடும். அதிகம் பேரை வைத்து அதை மறுபடி செய்து பார்த்தபோது, 2019-இல் வெளியான ஆய்வில், அந்த விளைவு கிடைக்கவில்லை. ஆகவே ‘அறிவியலே சொல்லிவிட்டது, சூடுதான் அன்பு’ என்று யாராவது அந்தக் கோப்பையைக் காட்டினால் நம்ப வேண்டியதில்லை.

கடைசியாக, இதைக் கேட்டவர் எழுதுகிறவராக இருந்தால் உதவும் என்று என் தொழிலிலிருந்து சில. ‘வார்ம்’ வரவேற்பை வெதுவெதுப்பான வரவேற்பு என்று எழுதி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடித்துவிட்டு அன்பான, மனமார்ந்த, முகமலர்ந்த என்று இடத்துக்குத் தக்கபடி போடுவேன். ‘கோல்ட்’ வரவேற்பைக் குளிர்ந்த வரவேற்பு என்று எழுதினால் பொருளே தலைகீழாகிவிடும். பட்டும் படாத வரவேற்பு, ஒப்புக்கு ஒரு வரவேற்பு என்பதுதான் அது. இரக்கமற்ற கொலையைக் குளிர்ந்த இரத்தத்தோடு சேர்க்க வேண்டாம், ஈவிரக்கமின்றி என்ற சொல் காத்துக்கொண்டிருக்கிறது. சூடான விவாதத்துக்குக் காரசாரமும் உண்டு, அனல் பறப்பதும் உண்டு. பனிப்போர் மட்டும் வந்து உட்கார்ந்துவிட்டது, அதை எழுப்ப முடியாது. ‘கூல்’ இப்போது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது; உரையாடலில் வந்தால் அப்படியே விட்டுவிடுகிறேன்.

உண்மையில் திணற வைப்பவை குணத்தை அளக்கும் உளவியல் கேள்வித்தாள்கள். ‘இவர் எந்த அளவுக்கு வார்ம்?’ என்று கேட்டு 1 முதல் 7 வரை கட்டங்கள் இருக்கும். அன்பானவர் என்று போட்டால் பொருள் அகலமாகிவிடும், பாசமானவர் என்றால் குடும்பத்துக்குள் சுருங்கிவிடும், கலகலப்பானவர் என்றால் பேச்சுக்காரராகிவிடுவார். நெருங்கி வருவது ‘ஒட்டுதலாகப் பழகுபவர்’. எதிர்முனைக்கு ‘முகம் கொடுக்காதவர்’ என்று எழுதுவேன். இதையும் எல்லாரும் ஏற்றுக்கொள்வதில்லை. ஒட்டுதல் என்றால் சார்ந்திருப்பது மாதிரி தொனிக்கிறது என்று ஒரு தரப்பு சொல்கிறது, அதில் நியாயம் இருக்கிறது. வேறு நல்ல சொல் உங்கள் பக்கத்துப் பேச்சில் புழங்கினால் எழுதுங்கள், அடுத்த கேள்வித்தாளில் போட்டுப் பார்க்கலாம்.